போகாதே என்று சொல்ல ஓர் ஆள்

அமெரிக்காவுக்குப் போவதில்லை என்று கருப்பசாமி முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவுக்குப் போகப் போவதாக ஊரெல்லாம் அவன் சொல்லத் தொடங்கியது மறுநாள் புதன்கிழமை. இதென்ன குழப்பம் என்று கேட்காதீர்கள். ஒரு மனிதன் எந்த ஊருக்குப் போகாமல் விட்டான் என்பதில் இருக்கிறது அவன் கௌரவம். கிருஷ்ணகிரிக்குப் போகாதவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவுக்குப் போகாதவன் என்றால் நின்று பார்ப்பார்கள். அதிலும், "எல்லாம் கூடி வந்துச்சு, பொண்டாட்டி விடமாட்டேன்னுட்டா" என்று பெருமூச்சு விட்டால் டீயே வாங்கித் தருவார்கள்.

கருப்பசாமி அந்த டீக்கு ஆசைப்பட்டான். அதில் விழுந்ததுதான் வினை.

நடந்தது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவன் டை ஃபிட்டர். தகடு வெட்டும் அச்சுகளைச் செய்து பொருத்துகிற டூல் ரூமில் அவன் வைத்தது சட்டம். மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மற்றவர்கள் கருவி வைத்து அளப்பார்கள். இவன் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "எடது பக்கம் தூக்கிருக்கு, எறக்குப்பா" என்பான். பிறகு அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் கட்டைவிரலின் புகழ் அமெரிக்கா வரை போய்விட்டது.

கொண்டுபோனவர் நாராயணப்பன். பாகலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, இருபது வருஷத்துக்கு முன் விமானம் ஏறி, ஒஹையோ மாநிலத்தில் டை செய்யும் பட்டறை ஒன்றில் மேலாளராக இருப்பவர். லீவில் வந்திருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நண்பரின் ஒர்க்ஷாப்பில் நான்கு பேருக்குப் பரீட்சை வைத்தார். கருப்பசாமி முதலாவதாக வந்தான். அவனோடு வேலை செய்யும், அச்சுகளைச் சாணை பிடிக்கும் கிரைண்டர் லால் பாஷா இரண்டாவது. இருந்ததோ ஒரே ஒரு வேலை. நாராயணப்பன் கருப்பசாமியின் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த வெரலுக்கு அங்க தனியா இன்சூரன்ஸ் எடுக்கணும்யா" என்றார். கருப்பசாமிக்கு அன்று வாயெல்லாம் பல்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் நாராயணப்பன். "போன தடவ ஒருத்தர கூட்டினு போனேன். நாலே மாசத்துல ஓடி வந்துட்டாரு. அதனால இப்பல்லாம் வூட்டுக்கே வந்து சம்சாரத்துகிட்ட பேசிட்டுதான் முடிவு சொல்றது. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அந்த ஓடி வந்தவர் வெங்கடப்பன். செவ்வாய்க்கிழமை கருப்பசாமி லீவு போட்டு, அவரைத் தேடித் தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறினான். அவர் யானை மிதித்த ராகிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். விளைச்சலில் பாதி போயிருந்தது. மனுஷன் முகத்தில் கவலையே இல்லை.

"யானை வந்துச்சுன்னு ஒரு சத்தம் போட்டா இங்க நாலு பேரு ஓடி வருவாங்கப்பா," என்றார் வெங்கடப்பன். "அங்க நா பனியில வழுக்கி உழுந்து கெடந்தேன். பக்கத்து வூட்டுக்காரன் ஜன்னல்ல பாத்தான். நல்லவன். போன் பண்ணி ஆம்புலன்ஸ் வரவச்சான். ஆனா அவன் வெளிய வரல."

"வேல எப்படிண்ணே?"

"வேலைக்கு என்னா கொற? மெஷினுங்கள்லாம் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ஆர்டர் கொறஞ்சா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில ஒரு காகிதம் குடுப்பான். திங்கக்கிழமை வர வேணாம்னு போட்டிருக்கும். யூனியனுக்குப் போறேன்னு கத்தக்கூட நமக்கு இங்கிலீஷ் பத்தாது. விசாவும் அவன் கையில. வேற எடத்துக்கு மாறவும் முடியாது. பஸ்ஸே கெடையாது, காரு ஓட்டத் தெரியலன்னா கால் ஒடஞ்ச மாதிரிதான். மொத ரெண்டு வருஷம் பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிக்க முடியாது. முடி வெட்டிக்கறதுக்கு ஒரு நாள் சம்பளம். கண்ணாடிய பாத்து நானே வெட்டிக்கினேன்."

கருப்பசாமி அவர் தலையைப் பார்த்தான். வெட்டி வருஷம் ஒன்றரை ஆகியும் பின்பக்கம் இன்னும் சரியாகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டான். பனி, பஸ், முடி எல்லாம் வெளியே சொல்ல நல்ல காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. பதினான்கு வருஷத்துக்கு முன் அவன் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. ஒரு வருஷம் முழுக்க யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. "ஏய் புதுசு" என்றுதான் கூப்பிட்டார்கள். கேன்டீனில் எட்டுப் பேர் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிச் சிரிக்க, ஒன்பதாவதாக இவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இந்தக் கட்டைவிரலை ஊர் நம்புவதற்கு ஐந்து வருஷம் ஆயிற்று. முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் 'ஏய் புதுசு'வா? அந்தப் பயம்தான். அதை ஓர் ஆண்பிள்ளை வெளியே சொல்ல முடியுமா?

அதே சமயம், இன்சூரன்ஸ் எடுக்க வேண்டிய விரல் என்ற வார்த்தையை அவனால் மறக்கவும் முடியவில்லை. போகவும் பயம், விடவும் மனசில்லை. இப்படி மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வழிதான் உண்டு. அதன் பெயர் மனைவி. அவள் 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சாகும்வரை சொல்லிக் காட்டலாம்.

அவன் மனைவி முனிலட்சுமி உள்ளூர்க்காரி. கருப்பசாமி முதலில் பாகலூரில் குடியிருந்த லைன் வீட்டுச் சொந்தக்காரரின் மகள். தாய்மொழி தெலுங்கு. பால்காரரிடம் கன்னடம், புருஷனிடம் தமிழ், அம்மாவிடமும் மகளிடமும் தெலுங்கு என்று நாக்கில் மூன்று கியர் வைத்திருந்தாள். வீட்டில் தையல் மெஷின் போட்டுக் கம்பெனி ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள். கருப்பசாமி இத்தனை வருஷத்தில் தெலுங்கில் தேறியது இரண்டே வார்த்தைகள். ஆமாம் என்பதற்கு 'அவுனண்டி'. இல்லை என்பதற்கு 'லேதண்டி'. "ரசஞ்சோறு திங்கதுக்குத் தெலுங்கு எதுக்கு?" என்பான்.

ஆனால் அவன் பயோடேட்டாவைப் பார்த்தால் பெரிய பண்டிதன். தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம். ஓசூரில் எல்லார் பயோடேட்டாவிலும் இந்த நான்கும் இருக்கும். டைப் அடிப்பவர் கேட்கவே மாட்டார், அவர் பாட்டுக்கு அடித்துவிடுவார். அந்தக் காகிதம்தான் நாராயணப்பன் கைக்கும் போயிருந்தது.

புதன்கிழமை டூல் ரூமில் கருப்பசாமி வேலையை ஆரம்பித்தான். "அமெரிக்கா கூப்பிடுது" என்றான் காலையில். "வீட்ல ஒரே அழுக" என்றான் மத்தியானம். இரண்டு டீ வந்தன. நான்கு மணிக்கு, "என்ன செய்ய, அவ கண்ணீர மிதிச்சிட்டா ப்ளேன் ஏற முடியும்?" என்று கூரையைப் பார்த்தான். மூன்றாவது டீயோடு ஒரு வடையும் வந்தது.

இனி வீட்டில் அந்த அழுகையை வரவழைக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"லட்சுமி, அங்க மூணு மாசத்துக்குப் பனியாம்," என்று ஆரம்பித்தான்.

முனிலட்சுமி ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஸ்வெட்டரு போட்டுக்கறது."

"மொத ரெண்டு வருசம் நான் மட்டுந்தான் போகணும். சமையல், தொவைக்கது, பாத்திரம் வெளக்குதது எல்லாம் நானேதான் செய்யணும்."

"கத்துக்குங்க. நல்லதுதான்."

"பல்லு வலின்னு போனா ஒரு மாசச் சம்பளத்தப் புடுங்கிருவானாம்."

"எந்தப் பல்லு? வலிக்கறதுன்னா இங்கயே புடுங்கிட்டுப் போயிடுங்க."

"அட, நான் பனியில வழுக்கி விழுந்து கெடந்தா தூக்க ஆளு வராதுங்கேன்!"

"அதுக்கு ஆம்புலன்ஸு வருதாமே. வெங்கடப்பனுக்கு வந்துச்சாம்ல?"

கருப்பசாமிக்குத் திக்கென்றது. வெங்கடப்பனைப் பார்த்ததை அவன் சொல்லவே இல்லை. அவருடைய சின்னம்மா வாராவாரம் கறிவேப்பிலை கொண்டுவருவது அவனுக்கு எங்கே தெரியும்?

கடைசியாகப் பெரிய ஆயுதத்தை எடுத்தான். குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருசம் நீயும் பாப்பாவும் நான் இல்லாம எப்படித்தான் இருப்பியளோ."

மெஷின் நின்றது. முனிலட்சுமி நிமிர்ந்தாள். கருப்பசாமி ஆவலோடு அவள் கண்ணைப் பார்த்தான். ஈரமில்லை.

"பாகலூர்ல எங்கம்மா வூட்டுல இருந்துக்கறோம். அத வுடுங்க. உங்களுக்குப் போவணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"என் இஷ்டம் என்ன கெடக்கு? நீ சொன்னாச் சரிதான்."

"நா என்னா சொல்றது? போறது நீங்க. போறதா, வேணாமா?"

"அதான் சொல்லுதேன்ல, ஒன் முடிவுதான்."

வியாழன் இதையே கேட்டாள். வெள்ளி இதையே கேட்டாள். சனிக்கிழமையும் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் 'சரி' கருப்பசாமிக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. அமெரிக்காக்காரர் நேரில் வந்து நின்றால் அழாத பெண்ணும் உண்டா?

ஞாயிறு பதினோரு மணிக்கு நாராயணப்பன் காரில் வந்து இறங்கினார். வீடு தெரியாது என்பதால் லால் பாஷா வழி காட்டிக் கூட்டிவந்தான். முனிலட்சுமி ஒப்பட்டு, அதாவது போளி, சுட்டிருந்தாள். நாராயணப்பன் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ கேட்டாள், அவர் ஊர் பெயர் போலிருந்தது. அவ்வளவுதான். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. ஒஹையோவில் காதில் விழாத பாகலூர்த் தெலுங்கு. ஒப்பட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார், கடித்துக்கொண்டு பேசினார், விழுங்கிவிட்டுப் பேசினார். அவளும் விடவில்லை. கால் மணி நேரம் போனது. கருப்பசாமி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேன்டீனில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்ட நாள் ஞாபகம் வந்தது.

திடீரென்று நாராயணப்பன் அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் தெலுங்கு நல்லா தெரியுமே, பயோடேட்டாவுல பாத்தேன். அப்ப நம்ம பாஷையிலயே பேசிடலாம்," என்றார்.

தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரிந்த மொழியில் பொய் என்றால், தெரிந்த வேலையிலும் பொய்யோ என்று நினைக்க மாட்டாரா? கருப்பசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். கைவசம் இரண்டு வார்த்தை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் குட்டு உடைந்துவிடும். இரண்டு அவுனண்டிக்கு ஒரு லேதண்டி. சிமெண்டு கலவை மாதிரி கணக்காகப் போடவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான்.

நாராயணப்பன் தட்டைப் பார்த்தபடி முதல் கேள்வி கேட்டார். ஒப்பட்டைப் பாராட்டுகிறார் என்று பட்டது.

"அவுனண்டி," என்றான் கருப்பசாமி.

அடுத்த கேள்வியில் 'பயம்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. பயப்படாதே என்று தைரியம் சொல்கிறார் போலும். "அவுனண்டி, அவுனண்டி!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

மூன்றாவது கேள்வி நீளமாக வந்தது. நடுவில் நாராயணப்பன் முனிலட்சுமியைக் கை காட்டினார். அம்மாவுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டோமா என்கிறார். கணக்குப்படி இது லேதண்டியின் முறை, கேள்விக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது. "லேதண்டி! லேதண்டி!" என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

நாராயணப்பன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லால் பாஷாவைக் காட்டி மெதுவாக ஒன்று கேட்டார். இவர் உங்கள் சிநேகிதரா என்கிறார், வேறென்ன? கருப்பசாமி உற்சாகமாக லால் பாஷாவின் முதுகில் ஓங்கித் தட்டினான். "அவுனண்டி!"

லால் பாஷாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. அவன் இருமிக்கொண்டே முனிலட்சுமியைப் பார்த்தான். அவள் சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினாள்.

நாராயணப்பன் எழுந்து கருப்பசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க ரொம்ப ஃபிராங்கான மனுஷன். அந்த வெங்கடப்பன் மட்டும் இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு நாலு மாசம் மிச்சமாயிருக்கும்," என்றார். கிளம்பிப் போய் வாசலில் கார் ஏறினார்.

கருப்பசாமி வாசலைப் பார்த்துக் கும்பிட்டான். அழ வேண்டியவள் அழவில்லை. வேலையோ கிடைத்துவிட்டது போலிருக்கிறது. "என்ன புள்ள, செலக்ட்டா?" என்றான் மெல்லிய குரலில்.

"ஆயிட்டாங்க," என்றாள் முனிலட்சுமி. "பாஷா பாய்தான்."

"என்னது?"

"நீங்கதான குடுத்தீங்க? 'அப்ப இந்த வேலைய இவுருக்குக் குடுத்துடட்டுமா'ன்னு கேட்டாரு. அவுனண்டின்னு பாய் முதுகுல ஒரு அடி வச்சீங்களே."

கருப்பசாமி லால் பாஷாவைப் பார்த்தான். லால் பாஷா தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அதுக்கு மின்னாடி என்ன கேட்டாரு?"

"'உங்க மொகத்தப் பாத்தா வர இஷ்டமில்லன்னு தோணுதே, நெஜமா'ன்னு கேட்டாரு. அவுனண்டின்னீங்க."

"ஒப்பட்டப் பத்திக் கேக்காருன்னுல்ல நெனச்சேன்! பயம்னு ஏதோ..."

"'அந்த ஊர நெனச்சா பயமா இருக்குதா'ன்னாரு. அதுக்கு மட்டும் ரெண்டு வாட்டி அவுனண்டி."

"அந்த நீளமான கேள்வி? ஒன்னையக் கை காட்டுனாரே?"

"'இல்ல, உங்க சம்சாரம் போவாதீங்கன்னு தடுக்கறாங்களா, பயப்படாம சொல்லுங்க'ன்னாரு. லேதண்டின்னு ரெண்டு கையையும் ஆட்டினீங்க." முனிலட்சுமி சொம்பை எடுத்துக்கொண்டாள். "அந்த ஒரு பதிலுக்கு உங்க காலத் தொட்டுக் கும்புடலாம்."

"எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

"தமிழ்ல நாலு நாளு கேட்டேனே. நெஜம் வந்துச்சா?"

அப்போது லால் பாஷா வாயைத் திறந்தான். அவன் யோக்கியன். அதுதான் பெரிய தொல்லை. "அண்ணா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. சந்துல மாட்டுவண்டி குறுக்க நிக்குது, காரு திரும்பியிருக்காது. ஓடுங்க. பாஷை புரியாம சொல்லிட்டேன்னு தமிழ்ல சொல்லுங்க. நா விட்டுக்குடுத்துடறேன். அல்லா சாட்சியா சொல்றேன்."

கருப்பசாமி வாசலுக்கு ஓடினான். ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டான். உண்மையிலேயே மாட்டுவண்டி குறுக்கே நின்றது. கார் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். மற்றச் செருப்பு பக்கத்திலேயே கிடந்தது. கால் அதற்குள் போகவில்லை.

வண்டிக்காரன் மாட்டை ஒதுக்கினான். கார் மெயின் ரோட்டில் திரும்பி பாகலூர்ப் பக்கம் போயிற்று. கருப்பசாமி ஒற்றைச் செருப்போடு நின்றான். "சரி விடு பாஷா. போயிட்டு வா," என்றான் திரும்பாமலே. அவனுடைய கட்டைவிரல் சட்டை நுனியை நெருடிக்கொண்டிருந்தது.

லால் பாஷா போன பிறகு முனிலட்சுமி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை உங்க ஆளு ஒருத்தன் யூனிஃபார்ம் அளவு குடுக்க வந்தான். 'அழாதீங்கக்கா, அண்ணன் உங்களுக்காகத்தான் அமெரிக்காவ வுடறாரு'ங்கறான். நா எப்பங்க அழுதேன்?"

கருப்பசாமி அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினான்.

"வேணாம்னு நா ஒரு வார்த்த சொன்னா, சாவற வரைக்கும் 'ஒன்னாலதான், ஒன்னாலதான்'னு குத்திக் காட்டுவீங்க. போங்கன்னு தள்ளிவுட்டா, அங்க இருந்துக்கினு 'நீதான தள்ளுன'ன்னு லெட்டர் போடுவீங்க. ரெண்டுக்கும் நாந்தான் ஆளா? அதான், நீங்களே சொல்லிடட்டும்னு வுட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வந்த புதுசுல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கதவ சாத்திக்கினு அழுவீங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். 'பயமா இருக்குது லட்சுமி'ன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நா யாருகிட்ட போயி சொல்லப் போறேன்?"

"ஒனக்கு..." கருப்பசாமி அவள் பக்கம் திரும்பினான். "ஒனக்குப் போகணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள் அவள். "புள்ளைய அங்க படிக்க வைக்கலாம்னு இருந்துச்சு. பனியப் பாக்கலாம்னு இருந்துச்சு. எனக்கு மட்டும் ஆச இருக்கக் கூடாதா? நீங்க அத ஒரு வாட்டியாச்சும் கேட்டீங்களா?" முந்தானையால் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். நான்கு நாளாகக் கருப்பசாமி காத்திருந்த கண்ணீர் அதுதான். அதற்காக அவனால் பெருமூச்சு விட முடியவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் கருப்பசாமி பட்ட பாடு சொல்லி மாளாது. அமெரிக்காவை இழந்த துக்கத்தை ஆற்றிக்கொள்ளலாம். குறை சொல்ல ஆளில்லாத துக்கத்தை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது? சாம்பாரில் உப்பு கூடினால், "இந்தச் சாம்பாருக்காகத்தான் நான்..." என்று ஆரம்பிக்க வாய் வரும். மென்று விழுங்கிவிடுவான். டூல் ரூமில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் "பேப்பர் சரியா அமையல" என்று முனகினான். லால் பாஷா யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவன் அதைச் சொல்லிச் சிரித்திருந்தால்கூட அவனோடு சண்டை போட்டு ஆறியிருக்கலாம். அவனோ பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, "அண்ணா, இது சரியா பாருங்க" என்று அச்சை நீட்டுவான். கருப்பசாமி தடவிப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பான். ஒஹையோவில் போய் லால் பாஷா தடுமாறக் கூடாதே என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தான். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற போதெல்லாம், நான் போயிருந்தால் சமாளித்திருப்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? செருப்புப் போட்டிருக்க வேண்டிய நாள் போய்விட்டது.

லால் பாஷா கிளம்பும் நாள் வந்தது. சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டூல் ரூமே திரண்டிருந்தது. மாலை, எலுமிச்சம்பழம், போட்டோ. லால் பாஷாவின் மனைவி முனவர் பேகம் புர்காவுக்குள் தேம்பிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "போவாதீங்க" என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டே சொன்னாள். லால் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். கருப்பசாமி அதைப் பார்த்தான். அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. அதைச் சொன்ன பிறகும் ஒருவன் போகிறான் பார் என்றும் தெரிந்தது.

முனவர் பேகத்தின் பெரியப்பா கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். மாங்காய் வியாபாரி, பெரிய குரல். "மொதல்ல இந்த வேல உங்களுக்குத்தான் வந்துச்சாமே தம்பி? ஏன் போவல?" என்று கருப்பசாமியைப் பார்த்துக் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டே காது கொடுத்தது. டூல் ரூம் ஆட்கள் திரும்பினார்கள். ஜன்னலோரம் இருந்த லால் பாஷா அவசரமாகத் தன் பையைக் குடைந்தான். கருப்பசாமி வாயைத் திறந்தான். பயந்துவிட்டேன் என்று ஒரே வார்த்தை. உதடு வரைக்கும் வந்தது. அதற்குள் பக்கத்தில் நின்ற முனிலட்சுமி முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க தடுத்துட்டேன். போவாதீங்கன்னு ஒரே அழுவை அழுதுட்டேன். பாவம், அவுரு எவ்ளோ ஆசையா இருந்தாரு."

"பாத்தீங்களா, அண்ணன் அன்னிக்கே சொன்னாரு!" என்றது டூல் ரூம். நான்கைந்து கைகள் கருப்பசாமியின் தோளைத் தட்டின. "பெரிய மனசுண்ணா உங்களுக்கு" என்றான் ஒருவன். பெரியப்பா, "குடும்பஸ்தன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு டீயே வாங்கிக் கொடுத்துவிட்டார். இதற்காகத்தானே இத்தனையும். கருப்பசாமி டீயை வாயில் வைத்தான். சர்க்கரை போட்டிருந்தார்கள். ஒரு வாயோடு நிறுத்திவிட்டான்.

பஸ் நகர்ந்தது. கூட்டம் கையசைத்தது. முனிலட்சுமியும் கையசைத்தாள். அசைத்துக்கொண்டே அவன் காதோரம் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"போதுங்களா? இல்ல, இன்னும் யாருக்காச்சும் சொல்லணுங்களா?"